மேப்பில் இல்லாத வீட்டுக்கு நிவாரணம் எப்படிப் போகும்? பசிபிக் தீவுகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் சாட்டிலைட் படங்கள்!

2022 ஜனவரி 15, மாலை நேரம். பசிபிக் பெருங்கடலில் இருக்கும் டோங்கா என்ற குட்டி நாடு திடீரென்று உலகத்தோடு தொடர்பை இழந்தது. ஹுங்கா டோங்கா - ஹுங்கா ஹாப்பாய் என்ற கடலடி எரிமலை வெடித்ததில் சுனாமி வந்தது, சாம்பல் மழை கொட்டியது. நாட்டுக்கு இருந்த ஒரே சர்வதேச இன்டர்நெட் கேபிளும் கடலுக்கு அடியில் அறுந்துபோனது.

போன் இல்லை. வாட்ஸ்அப் இல்லை. சுமார் 1 லட்சம் பேர் வாழும் ஒரு நாட்டில், யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட வழியில்லை. வெளிநாடுகளில் இருந்த டோங்கா மக்கள் நாள்கணக்கில் சொந்தபந்தங்களின் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் வெளியுலகத்துக்குத் தகவல் வந்த முக்கிய வழி வானம்தான். சாட்டிலைட் படங்கள்!

ஆனால் ஒரு படத்தைப் பார்த்தவுடன் எல்லாம் புரிந்துவிடுமா? அது யாருடைய வீடு, அங்கே எத்தனை பேர், எந்தப் பாதையில் படகு போக முடியும் என்பதெல்லாம் படத்தில் எழுதியிருக்காது. அதற்கு மேப் வேண்டும். பசிபிக் தீவு நாடுகள் பல வருடங்களாக சாட்டிலைட் படங்களோடும் மேப்புகளோடும் போராடிக்கொண்டிருப்பது இதற்காகத்தான். இந்தப் போராட்டத்தில் நிவாரணம், இன்சூரன்ஸ் பணம், மீன்பிடி வருமானம், கடைசியில் நாட்டின் எல்லையே அடங்கியிருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

டோங்காவில் சாட்டிலைட் என்ன காட்டியது?

முதலில் பார்த்தது வானிலை சாட்டிலைட்டுகள். ஜப்பானின் ஹிமாவாரி-8, 10 நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கும். எரிமலைப் புகை சுமார் 57 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனதைப் பின்னர் விஞ்ஞானிகள் கணக்கிட்டதும் இப்படிப்பட்ட வானிலை சாட்டிலைட் படங்களை வைத்துத்தான்.

அடுத்து, தரையை நெருக்கமாகக் காட்டும் படங்கள் வந்தன. 2014-15 எரிமலைச் சீற்றத்தில் உருவான நிலப்பகுதி காணாமல் போய், அந்தத் தீவில் இரண்டு சிறு துண்டுகள் மட்டும் மிச்சமிருந்தன. பச்சையாக இருக்க வேண்டிய ஊர்கள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. விமான நிலைய ஓடுபாதையும் சாம்பலில் மூடியிருந்தது. ஐ.நா.வின் சாட்டிலைட் மையமான யுனோசாட் இந்தப் படங்களை ஆராய்ந்து சேத அறிக்கைகளை வெளியிட்டது.

ஜனவரி 17 அன்று நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கண்காணிப்பு விமானங்களை அனுப்பின. அதன் பிறகுதான் டோங்கா அரசின் முதல் விரிவான அறிக்கை வந்தது. மாங்கோ தீவில் எல்லா வீடுகளும் போய்விட்டன. ஃபோனோய்ஃபுவா தீவில் இரண்டு வீடுகள்தான் மிச்சம். நோமுகா தீவில் பெரும் சேதம். ஓடுபாதையில் இருந்த சாம்பலை ஆட்கள் கையாலேயே அள்ளி அகற்றிய பிறகு, ஜனவரி 20-ம் தேதி நிவாரண விமானங்கள் இறங்கின. சர்வதேச கேபிள் சரியாக 5 வாரங்கள் ஆனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "இரண்டு வீடுகள்தான் மிச்சம்" என்பது முழுச் செய்தியாக வேண்டுமானால், முன்பு எத்தனை வீடுகள் இருந்தன என்று தெரிந்திருக்க வேண்டும். பேரிடருக்கு முந்தைய மேப் இல்லாவிட்டால், பேரிடருக்குப் பிந்தைய படத்தில் பாதி விஷயம் புரியாது.

சாட்டிலைட் படமும் மேப்பும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டும் வேறு வேறு.

சாட்டிலைட் படம் என்பது மேலே இருந்து எடுத்த ஒரு போட்டோ மாதிரி. அதில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரியும். அது தகரக் கூரை என்று ஊகிக்கலாம். ஆனால் அது வீடா, பள்ளிக்கூடமா, தேவாலயமா, கொப்பரை காயவைக்கும் கொட்டகையா? படம் சொல்லாது.

அந்தச் சதுரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, "இது ஆரம்ப சுகாதார நிலையம், கான்கிரீட் கட்டடம், பக்கத்தில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது" என்று தகவல் சேர்த்தால் அது மேப். இப்படி வீடுகள் ஒரு அடுக்கு, சாலைகள் ஒரு அடுக்கு, கிணறுகள் ஒரு அடுக்கு, தரையின் உயரம் ஒரு அடுக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்ப்பதுதான் ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் அமைப்பு. "கடல் மட்டத்தில் இருந்து 2 மீட்டருக்குக் கீழே இருக்கும் பள்ளிகள் எவை?" என்று கேட்டால், அடுக்குகளை ஒப்பிட்டு அது பதில் சொல்லும்.

கோடு போடும் வேலையை எங்கிருந்தும் செய்யலாம். ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச மேப்பில் உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்கள் வீட்டில் இருந்தபடியே வீடுகளையும் சாலைகளையும் வரைகிறார்கள். ஆனால் பெயரும் பயன்பாடும் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாம், எந்தப் பாதை மழைக்காலத்தில் மூழ்கும் என்பதை எந்த சாட்டிலைட்டும் சொல்லாது.

பசிபிக்கில் மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

முதல் காரணம், தூரம். கிரிபாட்டி நாட்டை எடுத்துக்கொள்வோம் (எழுதுவது இப்படி, உச்சரிப்பு 'கிரிபாஸ்'). மொத்தம் 33 தீவுகள். நிலப்பரப்பு எல்லாம் சேர்த்து சுமார் 811 சதுர கிலோமீட்டர். ஆனால் அந்த நாட்டுக்கு உரிமையுள்ள கடல் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்த நிலப்பரப்பைவிட அதிகம்! இப்படிச் சிதறிக்கிடக்கும் தீவுகளுக்கு அளவையாளர்களைப் படகில் அனுப்பினால் நாள்கணக்கு, சில இடங்களுக்கு வாரக்கணக்கு ஆகும். அதனால்தான் இந்த நாடுகளுக்கு சாட்டிலைட் தேவைப்படுகிறது.

இரண்டாவது, தீவுகளின் அளவு. அமெரிக்காவின் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல், தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம்ம கணக்கில் சுமார் 22 சென்ட் நிலம். துவாலு நாட்டின் தலைநகர் இருக்கும் ஃபோங்காஃபாலே தீவு, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 20 மீட்டர்தான் அகலம். அதாவது ஒரு பக்கக் கடல், நடுவில் சாலை, மறுபக்கக் கடல் எல்லாமே ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது, பெரிய திட்டங்களில் சின்னத் தீவுகள் விடுபட்டுப்போவது. ஐரோப்பாவின் சென்டினல்-2 சாட்டிலைட் திட்டம் வகுக்கப்பட்டபோது, வழக்கமாகப் படமெடுக்க வேண்டிய பகுதிகளின் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லாத் தீவுகளும் இருந்தன. மற்ற நாடுகளின் தீவுகளுக்கு வைத்த அளவுகோல் 100 சதுர கிலோமீட்டருக்கு மேல். துவாலுவின் மொத்த நிலப்பரப்பே 26 சதுர கிலோமீட்டர்தான். எங்கேயோ ஒரு அலுவலகத்தில் போட்ட ஒரு விதி, ஒரு முழு நாட்டையே படத்துக்கு வெளியே நிறுத்திவிடும் என்பதற்கு இது உதாரணம்.

நான்காவது, மேகம். வெப்பமண்டலத் தீவுகளின் மேல் பெரும்பாலும் மேகம் நிற்கும். சாதாரண கேமராவில் தீவுக்குப் பதிலாக வெள்ளைப் பஞ்சுதான் தெரியும்.

ஐந்தாவது கொஞ்சம் வேடிக்கையானது. கிழக்கும் மேற்கும் சந்திக்கும் 180 டிகிரி தீர்க்கரேகை ஃபிஜி நாட்டுக்கு நடுவில் போகிறது. டவேயுனி என்ற தீவின் மேலேயே அந்தக் கோடு ஓடுகிறது. அட்லாண்டிக்கை நடுவில் வைக்கும் வழக்கமான உலக மேப்பில் வலது ஓரத்தில் பாதி ஃபிஜி, இடது ஓரத்தில் மீதி ஃபிஜி! மேப் சாஃப்ட்வேர்கள் பல இந்த இடத்தில் திணறும். ஒரு நாட்டைத் திரையில் முழுசாகக் காட்டுவதற்கே தனி வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

எந்தக் கருவி எதற்கு?

* லேண்ட்சாட் (அமெரிக்கா): 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகிறது. 2008-ல் படங்கள் இலவசமாக்கப்பட்டன. பல பத்தாண்டு மாற்றங்களைப் பார்க்க இதுதான் பெரிய புதையல்.

* சென்டினல்-2 (ஐரோப்பா): ஒரு பிக்சல் 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். இரண்டு சாட்டிலைட்டுகள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பும். இதுவும் இலவசம்.

* சென்டினல்-1 (ஐரோப்பா): இது ரேடார். மேகம், இரவு எதுவும் தடையில்லை. வெள்ளம் எங்கே நிற்கிறது, கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்க்க உதவும்.

* தனியார் சாட்டிலைட்டுகள்: அரை மீட்டர் அளவுக்குத் துல்லியம். தனித்தனி வீடும் தென்னை மரமும் தெரியும். ஆனால் விலை அதிகம்.

* ட்ரோன்: மேகத்துக்குக் கீழே பறக்கும் என்பதால் புயலுக்குப் பிறகு கைகொடுக்கும். 2015 மார்ச்சில் பாம் புயல் வனுவாட்டுவைச் சூறையாடியபோது சேதத்தைக் கணக்கிட ட்ரோன்கள் பயன்படுத்தப்பட்டன.

* லைடார்: விமானத்தில் இருந்து லேசர் கதிர்களை அனுப்பித் தரையின் உயரத்தை அளப்பது. பவளத் தீவுகளுக்கு இது மிக முக்கியம். ஏன் என்று அடுத்து வரும்.

இன்சூரன்ஸ் பணத்துக்கும் மேப்புக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம் இருக்கிறது.

ஒரு சின்ன நாட்டைப் பெரிய புயல் தாக்கினால், அரசு கஜானா அன்றைக்கே காலியாகிவிடும். சர்வதேச உதவி வந்து சேர மாதங்கள் ஆகலாம். இந்த இடைவெளியைச் சமாளிக்க, உலக வங்கியும் பசிபிக் சமூகம் என்ற பிராந்திய அமைப்பும் உள்ளிட்டவை சேர்ந்து 2007-ல் பேரிடர் ஆபத்தை மதிப்பிடும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. பிக்ராஃபி என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

இதற்காக 15 பசிபிக் நாடுகளின் கட்டடங்கள், சாலைகள், பயிர்கள் பற்றிய தகவல் தொகுப்பு உருவாக்கப்பட்டது. சாட்டிலைட் படங்களில் இருந்து லட்சக்கணக்கான கட்டடங்கள் வரையப்பட்டன. ஒரு பகுதியை ஆட்கள் நேரில் போய்ச் சரிபார்த்தார்கள்.

அந்தத் தொகுப்பை வைத்து 2013 ஜனவரியில் சோதனை முறையில் ஒரு இன்சூரன்ஸ் திட்டம் ஆரம்பமானது. இதில் சேத இடத்துக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது கிடையாது. புயலின் பாதை, காற்றின் வேகம் அல்லது நிலநடுக்கத்தின் அளவை எடுத்து, ஏற்கெனவே இருக்கும் மேப்பின் மேல் வைத்து, இவ்வளவு இழப்பு ஆகியிருக்கும் என்று கம்ப்யூட்டர் மாடல் கணக்கிடும். நிர்ணயித்த அளவைத் தாண்டினால் பணம் வரும்.

2014 ஜனவரியில் இயன் புயலுக்குப் பிறகு டோங்காவுக்கு 12.7 லட்சம் டாலர் கிடைத்தது. 2015-ல் பாம் புயலுக்குப் பிறகு வனுவாட்டுவுக்கு 19 லட்சம் டாலர். மொத்தச் சேதத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம்தான். ஆனால் கையில் உடனே காசு வந்தது.

எல்லோருக்கும் வந்ததா? இல்லை. சாலமன் தீவுகளில் 2013 பிப்ரவரியில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. 2014 ஏப்ரலில் தலைநகர் ஹோனியாராவில் பெருவெள்ளம். இரண்டுக்கும் பணம் வரவில்லை. முதலாவதில் மாடல் கணக்கிட்ட இழப்பு நிர்ணயித்த அளவைத் தொடவில்லை. இரண்டாவது மழை வெள்ளம், திட்டத்தில் அது சேர்க்கப்படவே இல்லை. அந்த நாடு திட்டத்தை விட்டே வெளியேறியது. மேப்பும் மாடலும் சரியாக இருந்தால் மட்டும் போதாது, மக்களைத் தாக்கும் ஆபத்து அந்தக் கணக்குக்குள் இருக்கிறதா என்பதும் முக்கியம் என்று காட்டிய சம்பவம் இது.

தீவுகள் மூழ்குகின்றனவா? வளர்கின்றனவா?

சாட்டிலைட் படங்கள் கிளப்பிய மிகப் பெரிய விவாதம் இதுதான்.

2018-ல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். துவாலுவின் 101 தீவுகளை, 1971 முதல் 2014 வரையான வான்வழிப் படங்களையும் சாட்டிலைட் படங்களையும் வைத்து ஒப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே கடல் மட்டம் உலக சராசரியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் உயர்ந்தது. ஆனாலும் நாட்டின் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம், அதாவது 73.5 ஹெக்டேர், அதிகரித்திருந்தது! ஏறக்குறைய நான்கில் மூன்று தீவுகள் வளர்ந்திருந்தன.

"பார்த்தீர்களா, துவாலு மூழ்கவில்லை" என்று பலர் இதை எடுத்துக்கொண்டு பேசினார்கள்.

சாலமன் தீவுகளில் கதை வேறு. 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று 33 தீவுகளை 1947 முதல் 2014 வரையான படங்களில் பார்த்தது. மரம் செடியோடு இருந்த 5 தீவுகள் முழுசாகக் காணாமல் போயிருந்தன. இன்னும் 6 தீவுகளில் கரை கடுமையாக அரிக்கப்பட்டிருந்தது. மறைந்த தீவுகளில் யாரும் வசிக்கவில்லை. ஆனால் ஆட்கள் வசிக்கும் நுவாட்டம்பு என்ற தீவில் 2011-க்குப் பிறகு 11 வீடுகளைக் கடல் கொண்டுபோயிருந்தது.

இரண்டில் எது உண்மை? இரண்டுமே உண்மைதான். பவளத் தீவு என்பது பாறை மாதிரி அசையாமல் நிற்பது கிடையாது. பவளப் பாறைகள் உடைந்து மணலாகி, அலையோடு வந்து ஒரு கரையில் சேரும், இன்னொரு கரையில் கரையும். அலையின் வேகமும் பவளத்தின் ஆரோக்கியமும் இடத்துக்கு இடம் மாறும்.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். மேலே இருந்து எடுத்த படத்தில் தெரிவது பரப்பளவு. உயரம் அதில் தெரியாது. தீவு அகலமாகியிருக்கலாம். ஆனால் கடல் மட்டம் உயர்ந்து, நிலத்தடி நல்ல தண்ணீரில் உப்பு ஏறி, 'புலகா' எனும் சேப்பங்கிழங்கு வகையைப் பயிரிடும் குழிகள் பாழாகியிருந்தால் அது படத்தில் வராது. ஓரத்தில் புதிதாகச் சேர்ந்த மணல் திட்டில் உடனே போய் வீடு கட்டவும் முடியாது.

உயரத்தை அளக்கும் சாட்டிலைட் தரவுகளும் உண்டு. ஆனால் உலகம் முழுக்க இலவசமாகக் கிடைத்த பழைய தரவுகளில் சில மீட்டர் வரை பிழை இருக்கும். மலை நாட்டில் அது பெரிய விஷயம் இல்லை. துவாலுவின் பெரும்பகுதி கடல் மட்டத்தில் இருந்து 2 மீட்டர் உயரம்தான். அங்கே 3 மீட்டர் பிழை என்றால், ஊர் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வியாகிவிடும்.

அதனால் 2019-ல் விமானத்தைப் பறக்கவிட்டு துவாலுவின் 9 தீவுத் தொகுதிகளையும் லைடார் மூலம் அளந்தார்கள். எந்த அளவு அலை வந்தால் எந்த வீடு நனையும் என்று கணக்கிட இப்போது நம்பகமான அடிப்படை இருக்கிறது. பசுமைப் பருவநிலை நிதியத்தின் உதவியோடு நடக்கும் கடற்கரைப் பாதுகாப்புத் திட்டத்தில், ஃபுனாஃபுட்டியில் 7 ஹெக்டேருக்கு மேல் புதிய நிலம் உயர்த்தி உருவாக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு உயரம் வேண்டும் என்று முடிவெடுக்க இப்படிப்பட்ட அளவீடுகள் இல்லாமல் முடியாது.

கடல் எல்லை: ஒரு கோடு, கோடிக்கணக்கான பணம்

ஐ.நா. கடல் சட்டப்படி, ஒரு நாட்டின் கரையில் இருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை உள்ள மீன் வளமும் கனிம வளமும் அந்த நாட்டுக்குச் சொந்தம். நடுக்கடலில் தனியாக மக்கள் வாழும் ஒரு சின்னத் தீவு இருந்தால், அது ஒன்றே 4 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடல் உரிமையைக் கொடுக்கும்.

அந்த உரிமையில்தான் பல நாடுகளின் பட்ஜெட்டே ஓடுகிறது. சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு, நவுரு ஒப்பந்த நாடுகள் 'கப்பல் நாள்' கணக்கில் உரிமம் விற்கின்றன. ஒரு கப்பல் ஒரு நாள் மீன் பிடிக்கக் குறைந்தபட்ச விலை 8,000 டாலர் என்று நிர்ணயித்திருந்தார்கள். கிரிபாட்டி போன்ற நாடுகளில் அரசு வருமானத்தில் பெரும்பங்கு இந்த உரிமக் கட்டணம்தான்.

கப்பல் எல்லைக்கு உள்ளே மீன் பிடித்ததா, வெளியே பிடித்ததா? அதைச் சொல்வது கப்பலில் பொருத்தியிருக்கும் கருவி. அது சாட்டிலைட் வழியாக இருப்பிடத்தை அனுப்பும். ஹோனியாராவில் உள்ள பிராந்தியக் கண்காணிப்பு மையத்தில் இதைப் பார்க்கிறார்கள். கருவியை அணைத்துவிட்டுத் திருட்டுத்தனமாக வரும் கப்பலைக் கண்டுபிடிக்க ரேடார் படங்களும் கண்காணிப்பு விமானங்களும் உதவுகின்றன.

இதற்கெல்லாம் முதலில் எல்லைக் கோடு சரியாக இருக்க வேண்டும். கோட்டின் தொடக்கம் எது? தாழ்நீர் நேரத்தில் கரையோ பவளத் திட்டோ எங்கே முடிகிறதோ அந்த இடம். காலனி ஆட்சிக் காலத்தில் வரைந்த கடல் வரைபடங்களும் இன்றைய ஜிபிஎஸ் அளவும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. அதனால் பசிபிக் நாடுகளின் அளவையாளர்களும் சட்ட வல்லுநர்களும் பல ஆண்டுகளாக ஒன்றாக உட்கார்ந்து, சாட்டிலைட் படங்களையும் கள அளவீடுகளையும் வைத்து ஒவ்வொரு புள்ளியாகக் குறித்தார்கள். மார்ஷல் தீவுகள் 2016-ல் இப்படிக் குறித்த புள்ளிகளைச் சட்டபூர்வமாக அறிவித்தது.

சரி, நாளை அந்தக் கரையே கடலில் மூழ்கினால் எல்லையும் சுருங்குமா? 2021 ஆகஸ்டில் பசிபிக் தீவுகள் மன்றத்தின் தலைவர்கள் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். ஒருமுறை முறைப்படி குறித்த எல்லைகள், கடல் மட்டம் உயர்ந்தாலும் மாறாது என்பது அதன் சாரம். வனுவாட்டு முன்னின்று கொண்டுவந்த பருவநிலை வழக்கில், 2025 ஜூலை 23-ல் சர்வதேச நீதிமன்றம் சொன்ன ஆலோசனைக் கருத்தும் இதற்கு வலு சேர்த்தது. கடல் மட்ட உயர்வைக் காரணம் காட்டி, ஏற்கெனவே முறைப்படி குறித்த எல்லை வரைபடங்களைத் திருத்த வேண்டிய கட்டாயம் நாடுகளுக்கு இல்லை என்று நீதிமன்றம் கூறியது.

இன்று சரியாகப் போட்டு வைத்த மேப், நாளை கரை இல்லாமல் போனாலும் அந்த மக்களின் சொத்துப் பத்திரமாக நிற்கும் என்பதுதான் இதன் அர்த்தம்.

ஊரையே இடம் மாற்றும்போது...

ஃபிஜியின் வனுவா லேவு தீவில் வுனிடோகோலோவா என்று ஒரு கடற்கரைக் கிராமம். உயர் அலை நேரத்தில் கடல் வீட்டு வாசல் வரை வந்துவிடும். 2014-ல் அந்தக் கிராமம் முழுவதும் சுமார் 2 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இடம் மாறியது. பருவநிலை மாற்றம் காரணமாக ஃபிஜியில் அரசு உதவியோடு முழுசாக இடம் மாறிய முதல் கிராமம் இதுதான்.

புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்க மேப் எப்படி உதவும்? நிலச் சரிவு வராத இடம், தண்ணீர் கிடைக்கும் இடம், கடலுக்குப் போக ரொம்பத் தூரம் இல்லாத இடம், பயிர் செய்யக்கூடிய மண் என்று அடுக்குகளைப் பொருத்திப் பார்க்கலாம்.

ஆனால் ஃபிஜியில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலம் பூர்வகுடி இடௌகேய் மக்களின் குல உரிமை நிலம். அதை விற்க முடியாது. வுனிடோகோலோவா மக்களுக்கு அவர்களின் குல நிலத்துக்குள்ளேயே மேடான இடம் இருந்ததால் வேலை எளிதானது. பக்கத்துக் குலத்தின் நிலம் என்றால் பேச்சுவார்த்தை வேண்டும், சடங்கு வேண்டும், சம்மதம் வேண்டும். முன்னோர்களின் கல்லறைகளை விட்டுவிட்டு வர மனசு வேண்டும். இதில் எதுவும் சாட்டிலைட் படத்தில் தெரியாது. ஆபத்து எங்கே என்று மேப் காட்டும். போவதா வேண்டாமா என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதையெல்லாம் செய்வது யார்?

முக்கியமான அமைப்பு பசிபிக் சமூகம். 1947-ல் தொடங்கியது, தலைமையகம் நியூ கலிடோனியாவின் நூமியாவில். ஃபிஜி தலைநகர் சுவாவில் உள்ள இதன் அலுவலகத்தில்தான் மேப், கடல் எல்லை, பேரிடர் தொடர்பான வேலைகள் பெரும்பாலும் நடக்கின்றன. பிராந்தியத்தின் மேப் வல்லுநர்கள் சுவாவில் மாநாடு நடத்திக் கூடுவதும் வழக்கம்.

பசிபிக் சமூகம் நடத்தும் 'டிஜிட்டல் எர்த் பசிபிக்' என்ற திட்டம் கவனிக்க வேண்டியது. லேண்ட்சாட், சென்டினல் படங்களை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக இறக்கிச் சேமித்தால் அவர்களின் இன்டர்நெட்டும் கம்ப்யூட்டரும் தாங்காது. அதனால் படங்களை கிளவுடில் வைத்தே ஆராய்ந்து, கடற்கரை எவ்வளவு மாறியது, அலையாத்திக் காடு எவ்வளவு குறைந்தது போன்ற முடிவுகளை மட்டும் இலவசமாகத் தருகிறார்கள். மேகம் மறைத்த படங்களை விலக்கி, பல நாள் படங்களைச் சேர்த்து ஒரு தெளிவான படத்தை உருவாக்குவதும் இதில் முக்கியமான வேலை. இன்னொரு பக்கம், ஆலன் கோரல் அட்லஸ் என்ற திட்டம் 2021-ல் உலகத்தின் ஆழமற்ற பவளப் பாறைகளை மேப் செய்து முடித்தது.

இந்தியாவுக்குப் பங்கு உண்டா? உண்டு. 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், சிறு தீவு நாடுகளுக்கான 'ஐரிஸ்' என்ற உள்கட்டமைப்புத் திட்டத்தைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். புயல், பவளப் பாறை, கடற்கரை பற்றிய சாட்டிலைட் தகவல்களை அந்த நாடுகளுக்குத் தர இஸ்ரோ தனித் தரவுச் சாளரம் அமைக்கும் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்னைத் துறைமுகம் வழியாக 1903 முதல் தென்னிந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஃபிஜியும் அந்தச் சிறு தீவு நாடுகளில் ஒன்று.

இன்னும் தீராத சிக்கல்கள்

* ஆள் பற்றாக்குறை: சின்ன நாட்டில் மேப் வேலை தெரிந்தவர் ஓரிருவராகத்தான் இருப்பார். அவர் வெளிநாட்டு வேலைக்குப் போனால் அந்தத் துறையே முடங்கும்.

* திட்டம் முடிந்ததும் மேப் பழசாவது: நிதி வரும்போது வரைகிறார்கள். நிதி நின்றதும் புதுப்பிப்பது நின்றுவிடுகிறது. அதற்குள் ஊரில் புது வீடுகள் வந்திருக்கும்.

* தரவு யார் கையில்?: வெளிநாட்டு நிறுவனம் எடுத்த அளவீடு வெளிநாட்டு சர்வரில் இருந்தால், கேபிள் அறுந்த அன்று சொந்த நாட்டுக்கே அது கிடைக்காது. ஒரு பிரதி உள்ளூரிலும் இருக்க வேண்டும் என்பதைத்தான் டோங்கா அனுபவம் சொல்கிறது.

* எதைக் காட்டக் கூடாது?: பரம்பரை மீன்பிடி இடங்கள், புனித இடங்கள் எல்லாமே பொது மேப்பில் வர வேண்டுமா? இதை அந்தந்த ஊர் மக்களிடம் கேட்காமல் முடிவெடுத்தால், உதவ வந்த மேப்பே தொந்தரவாகிவிடும்.

கடைசியாக ஒன்று

2022 நவம்பரில் நடந்த பருவநிலை மாநாட்டில், உலகின் முதல் டிஜிட்டல் நாடாக மாறப்போவதாக துவாலு அறிவித்தது. நிலம் போனாலும் நினைவும் உரிமையும் போகக் கூடாது என்று, தீவுகளைக் கம்ப்யூட்டரில் அப்படியே பதிவு செய்யும் முயற்சி இது. முதலில் எடுத்துக்கொண்டது டெயாஃபுவாலிக்கு என்ற மிகச் சின்னத் தீவு. சுமார் 11,000 பேர் வாழும் அந்த நாட்டின் மக்கள் கேட்பது டிஜிட்டல் தீவு அல்ல, நிஜத் தீவிலேயே வாழ வேண்டும் என்பதுதான். பதிவு எடுப்பதோடு புது நிலத்தையும் அவர்கள் உயர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை ஏதோ ஒரு தீவில் புயலோ சுனாமியோ வந்து, டிவி திரையில் 'முன்பு - பின்பு' படங்களைப் பார்க்கும்போது, அந்த 'முன்பு' படத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். அதில் வீடுகளுக்கும் பாதைகளுக்கும் கிணறுகளுக்கும் யாராவது முன்கூட்டியே பெயர் எழுதி வைத்திருந்தால், நிவாரணப் படகு எந்தக் கரைக்குப் போக வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.